பென்ஷன் தாளில் பாட்டனார் சரித்திரம்

கேள்வி: எங்கள் பாட்டனார் திண்டிவனத்தில் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கியவர் என்பதொன்றே தெரியும். அதைக்கொண்டு குடும்ப சரித்திரம் எழுத முடியுமா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: தாராளமாக முடியும்; பென்ஷன் என்ற அந்த ஒரு சொல்லே பாதி சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறது! 1939-45 மகாயுத்தத்தில் மட்டும் சேவித்துத் திரும்பிய சிப்பாய்களுக்குப் பொதுவாகப் பென்ஷன் இல்லையாதலால், உங்கள் பாட்டனார் 15 ஆண்டுகளேனும் உழைத்திருக்க வேண்டும். அன்றேல் சேவையின்போது ஊனமுற்றிருக்க வேண்டும். பட்டாள நம்பர், பதவி, படைப்பிரிவு, சேவைக்காலம் ஆகியவற்றைத் தாங்கிய ஓய்வூதிய ஆணையையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். அகப்படாவிடில் விழுப்புரத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்து, விவரம் கிடைத்ததும் அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு, மெட்ராஸ் ரெஜிமெண்டாயின் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸாயின் பெங்களூருக்கும், விண்ணப்பம் எழுதுங்கள். விழுப்புரம் மாவட்டம் 1993-ல் உதயமானதாகையால், அதற்கு முந்திய தாள்களில் ‘தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா’ என்றே பாட்டனாரின் ஊர் காணப்படும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். கிடைக்கும் தாளைச் செல்லரிக்குமுன் பிரதியெடுத்து, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்துவையுங்கள்.