விலைக்கு இன்பாக்ஸ் வாங்க

தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டை பின்னால் தெரிய, இரு கை நிறைய நெத்திலிக் கருவாட்டை ஏந்திக்கொண்டு ஒருவர் நிற்கும் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். கீழே விவரத்துக்குக் குறைவில்லை: மண் ஒட்டாதது, உப்பு அளவானது, வலை விரித்துக் காயவைத்தது, பாட்டி கைப்பக்குவம். விலை மட்டும் இராது. அந்த இடத்தில் ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதி, பக்கத்தில் கும்பிடும் கை ஒன்றைப் போட்டிருப்பார். இவரை இன்பாக்ஸ் முதலாளி என்று அழைப்போம். இவர் தனியாள் இல்லை, ஓர் இனம். மாப்பிள்ளைச் சம்பா விற்பவராகத் திருவாரூரிலும், குத்துவிளக்கு விற்பவராக நாச்சியார்கோவிலிலும், தலையாட்டிப் பொம்மை விற்பவராகத் தஞ்சாவூரிலும் இதே கும்பிடும் கையோடு இருக்கிறார். சரக்கில் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் முதல் தரம். மூன்று சங்கதிகளைத்தான் குடும்ப ரகசியம்போலக் காப்பாற்றுகிறார்: என்ன விலை, அனுப்ப என்ன ஆகும், காசை எப்படிக் கொடுப்பது.

அவருடைய வியாபார முறையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் ‘அரை கிலோ நெத்திலி எவ்வளவு தம்பி?’ என்று கேட்கிறார் என்று வையுங்கள். ‘வணக்கம்க்கா, சாப்ட்டீங்களா?’ என்று பதில் வரும். தொடர்ந்து அலை அடிக்கும் வீடியோ ஒன்று. பிறகு ‘எந்த ஊருக்கா?’ ‘மடிப்பாக்கம்.’ ‘சென்னையாக்கா?’ இரண்டு மணி நேரம் மௌனம். ‘முந்நூறு ரூவாக்கா.’ ‘கூரியரோட சேத்தா?’ ‘கூரியர் தனிக்கா.’ ‘அது எவ்வளவு?’ ‘எடை போட்டுப் பாத்துதான்க்கா சொல்லணும்.’ அரை கிலோவின் எடை என்ன என்பது தராசில் ஏற்றிய பிறகே இவருக்குத் தெரியவரும். ஜிபே எண்ணைக் கேட்டால் ஓர் எண் வரும். அதில் வேறு யாரோ பெயர் தெரியும். ‘அது மச்சான் நம்பருக்கா, தைரியமா போடுங்க.’ மறுநாள் காலை ‘பேக்கிங் நாப்பது ரூவா சொல்ல மறந்துட்டேன்க்கா’ என்று ஒரு பின்குறிப்பு. அதற்குள் அந்த அம்மாள் தெருமுனைக் கடையில் கருவாடு வாங்கிக் குழம்பே வைத்திருப்பார். நம் முதலாளியோ டீக்கடையில் உட்கார்ந்து, ‘ஆன்லைன்ல யாரு சார் வாங்குறா, எல்லாம் சும்மா விசாரிக்கிற கூட்டம்’ என்று ஊர் உலகத்தைக் குறைப்பட்டுக்கொண்டிருப்பார்.

விசாரித்தவர் வாங்காமல் போனதற்கு முந்நூறு ரூபாய் காரணமில்லை. மொத்தம் எவ்வளவு என்பது கடைசிவரை தெரியாததுதான் காரணம். இதற்குச் சான்று, வேடிக்கையாக, டென்மார்க்கிலிருந்தே கிடைக்கிறது. மிளகு தேடித் தரங்கம்பாடிக் கரைக்கு வந்த டேனிஷ்காரர்களின் கோபன்ஹேகன் நகரில் இன்று பேமார்ட் என்றொரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இணையக் கடைகளில் மக்கள் ஏன் கூடையை நிரப்பிவிட்டுக் காசு கட்டாமல் நழுவுகிறார்கள் என்று ஆராய்வது அதன் வேலைகளில் ஒன்று. பல ஆய்வுகளைச் சேர்த்து அது கண்ட சராசரி, பத்துக் கூடைகளில் ஏழு அனாதையாக நிற்கின்றன என்பது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஓடிப்போனவர்கள் சொல்லும் முதல் காரணம் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் கூடுதல் செலவு: அனுப்பும் கூலி, வரி, இதர கட்டணம். மொத்தத் தொகையை முன்கூட்டியே பார்க்க முடியவில்லை, பணம் செலுத்தும் வழிகள் போதவில்லை என்பனவும் அதே பட்டியலில் உண்டு.

‘அதெல்லாம் வெள்ளைக்காரர் கணக்கு, நம்மூருக்கு ஒத்துவராது’ என்பார் முதலாளி. நம்மூர்க் கணக்கு இன்னும் பழையது. அஞ்சல் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. தபால்காரர் பொட்டலத்தை நீட்டுவார், வாங்குபவர் பணத்தைக் கொடுப்பார், அது விற்றவருக்குப் போய்ச்சேரும். பஞ்சாங்கம், லேகியம், கைக்கடிகாரம் எல்லாம் இப்படியும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் வந்தன. பழைய பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டினால் விலை, தபால் செலவு, வி.பி.பி. உண்டா இல்லையா என்பதெல்லாம் நாலு வரிக்குள் அடங்கியிருக்கும். லேகியம் நரையைக் கறுக்க வைத்ததா என்பது வேறு விஷயம். விலையில் ஒளிவுமறைவு இல்லை. பிளிப்கார்ட் 2010-இல் ‘பொருள் வந்ததும் பணம்’ என்று அறிவித்ததும் இதே பழைய உபாயம்தான். முன்பின் தெரியாத கடைக்கு முன்பணம் அனுப்பத் தயங்கியவர்களை அதுதான் உள்ளே இழுத்தது.

முதலாளியிடம் வேறு வாதங்களும் உண்டு. சிலவற்றில் நியாயமும் உண்டு. கருவாட்டு விலை ஒரே மாதிரி நிற்காது என்கிறார். உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் கரையில் மீன் ஏலம் போகும்போது அந்த நிமிடத்து விலையை ஊர் கேட்கக் கூவுகிறார்களே, காதில் சொல்லவில்லையே! ‘இந்த வார விலை’ என்று தேதி போட்டு எழுதினால் தீர்ந்தது. தூரத்துக்குத் தூரம் கூலி மாறும் என்கிறார். அஞ்சல் துறை இந்தியா முழுவதற்கும் ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தை எடை, தூரம் என்று படிப்படியாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு கூலி, வெளியே ஒரு கூலி என்று இரண்டு வரி எழுத முடியாதா? விலையைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்துவிடுவான் என்கிறார். போட்டிக்காரர் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவருக்கு விலை முந்தாநாளே தெரியும். தெரியாதவர் வாங்க வந்தவர் மட்டும்தான்.

‘பொருள் வந்ததும் பணம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரு பக்கக் கூலியும் நம் தலையில்’ என்பது கனமான வாதம். மறுக்க முடியாது. ஆனால் எல்லா வழியையும் திறந்து வைக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்லச் சொல்கிறோம். ‘முன்பணம் மட்டும்’ என்று எழுதுவதில் கேவலம் ஒன்றுமில்லை. 2016-இல் யுபிஐ வந்தபின் அது சுலபமும்கூட. கணக்கில் மச்சான் பெயருக்குப் பதில் கடைப் பெயர் வந்தால் போதும். கடைசி வாதம் உருக்கமானது: பேசினால்தான் உறவு வளரும். வளரட்டும். எந்தக் கருவாட்டுக்குக் கத்தரிக்காய் சேரும், எதற்கு மாங்காய் சேரும் என்று பேசினால் அது உறவு. ஐந்து தடவை ‘எவ்வளவு?’ என்று கேட்க வைத்தால் அதற்குப் பெயர் விசாரணை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், மொத்த விலையையும் அதில் டெலிவரிக் கட்டணம் முதலியவற்றின் பிரிவையும் காட்டச் சொல்கின்றன. கூலியைத் துளித்துளியாகப் பின்னால் சேர்ப்பதை 2023 வழிகாட்டுதல்கள் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. சட்டத்தை விட்டாலும் ஊர்ப் பெருமை இருக்கிறது. பாதிரியார் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த தரங்கம்பாடியில், ஒரு விலைப்பட்டியல் எழுத வசதியில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இந்தக் கரையை டேனிஷ்காரருக்கு விட்டபோது ஆண்டு வாடகை 3,111 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். 1845-இல் அவர்கள் செராம்பூர் முதலியவற்றோடு சேர்த்து இதை ஆங்கிலேயருக்கு விற்றபோது 12.5 லட்சம் ரூபாய் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஊரையே விலை சொல்லி விற்றிருக்கிறார்கள். அரை கிலோ நெத்திலிக்கு என்ன அத்தனை ரகசியம்?

இன்பாக்ஸ் முதலாளி எழுத வேண்டியது மூன்றே வரி: பொருளின் விலை, வீடு வந்துசேரும் கூலியும் நாளும், பணம் கட்டும் வழி. அந்த மூன்று வரி இல்லாத படம் வந்தால், படம் அழகாயிருந்தால் லைக் போடுங்கள், பணம் போடாதீர்கள்.