மண்டபம் ரோட்டில் டீசலும் கரண்டும்

கேஸ் லாரி, மின்சார லாரி என்று பேச்செடுத்தால், எங்கள் பக்கத்து டிரைவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே வேறொன்றைக் கேட்பார்கள்: "நடுரோட்டுல நின்னா யாரு வருவா?" ராமேசுவரத்தில் மீன் ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் கேரளத்துக்கும் ஓடுகிறவர்களுக்கு இதுதான் முதல் கவலை. படித்தவர்கள் சிலர் இதைப் புதுமைக்குப் பயந்தவர்களின் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். மூன்று தலைமுறையாக லாரிச் சோறு தின்ற வீட்டில் வளர்ந்த எனக்கு, அதைவிட நியாயமான கேள்வி இல்லை என்றே படுகிறது.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது தாத்தா காலத்தில். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ், லாரிகளின் பின்புறம் உருளை போன்ற அடுப்பைப் பொருத்தி, அடுப்புக்கரியை மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு இன்ஜினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அந்த வாயுக்கலன்களைத் தயாரித்துக் கொடுத்தது. தாத்தா அப்போது கிளீனர். விடியுமுன் எழுந்து கரி கொட்டி, தீ மூட்டி, விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப்போகும் என்பார். இழுவை வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் சீமை சமவெளி என்பதால் ஓரளவு சமாளித்தார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவதும் உண்டாம். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்த அடுப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

அடுத்து டீசல் வந்தது. டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸுடன் சேர்ந்து 1954-இல் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1955-இல் எண்ணூரில் அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது. டீசலைக்கூட முதலில் யாரும் கும்பிட்டு வரவேற்கவில்லை என்பார் தாத்தா. சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், பழகிய மெக்கானிக் கிடையாது. பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் ஒவ்வொரு பட்டறையிலும் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் உருவான பிறகுதான் டிரைவர்கள் டீசலை நம்பினார்கள். நம்பிக்கை எண்ணெயால் வரவில்லை, ரோட்டோரப் பட்டறையால் வந்தது.

என் சிறு வயதில் பெரியப்பாவின் லேலண்ட் லாரி மண்டபத்தோடு நின்றுவிடும். ராமேசுவரம் தீவுக்குள் போவதற்கு ரயில் அல்லது படகு. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி பாம்பன் சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 2.345 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேல் லாரிகள் ஏறிய பிறகு எங்கள் மீன் வியாபாரமே மாறிப்போனது. ராமேசுவரம் கரையில் இறக்கிய இறாலும் நண்டும் ஐஸ் போட்ட பெட்டியில் நேரே லாரியில் ஏறின. பெரியப்பாவுக்கு அது பொற்காலம். வண்டி மக்கர் செய்தால் அவரே ஸ்பேனரை எடுத்து இறங்குவார். டீசல் லைனில் காற்று புகுந்தால் கையாலேயே பம்ப் அடித்து எடுத்துவிடுவார்.

அந்தப் பொற்காலத்துக்கு அவர் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். அந்த வண்டியில் இன்ஜின் டிரைவர் பக்கத்திலேயே இருக்கும். சித்திரை வெயிலில் பானெட் சூடும் சேர்ந்து காலைப் பொசுக்கும். வயதானபோது இடது காது சரியாகக் கேட்கவில்லை. இருமல் கடைசிவரை விடவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக அறிவித்தது. பழைய டீசல் லாரியைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இப்போது வண்டி ஓட்டுவது பெரியப்பா மகன், என் தம்பி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ்.-6 வண்டிதான் விற்க முடியும். புகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதைத் தம்பியே ஒப்புக்கொள்கிறான். டீசலோடு ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலையும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தாலோ, அதன் சென்சார் கோளாறானாலோ, இன்ஜின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒருமுறை மீன் லோடோடு இரவில் அப்படி நின்றது. லேப்டாப்போடு கம்பெனி ஆள் வருவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. "அப்பா வண்டி நின்னா அப்பாவே எறங்குவாரு. இந்த வண்டி நின்னா நான் போனைத்தாண்ணே எடுக்கணும்" என்றான். மின்சார லாரியைப் பற்றிய அவன் கருத்து அந்த இரவில்தான் உருவானது.

அவனும் அவன் கூட்டாளிகளும் ஒவ்வொரு மாற்று எரிபொருளையும் மீன் வண்டிக்காரர் கண்ணால் எடைபோடுகிறார்கள். சி.என்.ஜி. செலவு குறைவு என்கிறார்கள்; ஆனால் சிலிண்டர்களின் எடையும் இடமும் லோடைக் குறைக்கும், பங்கில் வரிசை நின்றால் ஐஸ் உருகும். எல்.என்.ஜி. நெடுந்தூரத்துக்கு ஏற்றது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய எரிவாயு அது. எண்ணூரில் இந்தியன் ஆயிலின் முனையம் 2019 முதல் இயங்குகிறது. ஆனால் வண்டி சில நாள் சும்மா நின்றாலே டேங்கில் இருப்பது ஆவியாகி அழுத்தம் ஏறும். எங்கள் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் பெரும்பாலான மீன் வண்டிகளும் ஷெட்டில்தான் நிற்கும்.

மின்சார லாரிக்கு எதிரான வாதமும் அந்த 61 நாளில்தான் இருக்கிறது. கனரக மின் லாரியின் விலை டீசல் லாரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் மின் லாரிகளுக்கு மானியம் அறிவித்தார்கள்; ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். பழைய லாரியை உடைத்த சான்றிதழ் காட்டினால்தான் கிடைக்கும். ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவர் அந்த வண்டியை உடைத்துவிட்டு, மிச்சக் கடனை எந்த வங்கியில் கேட்பார்? ஹைட்ரஜன் லாரி இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த பத்துச் சோதனைத் தடங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை.

இத்தனைக்கும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் எரிபொருளுக்குப் பஞ்சப்பட்ட மண் இல்லை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிமூட்டை இன்றும் வெளியூருக்கு லாரி லாரியாகப் போகிறது. ஓ.என்.ஜி.சி. இங்கே எடுக்கும் எரிவாயுவில்தான் வழுதூர் மின்நிலையம் ஓடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாயை 2021 பிப்ரவரி 17-இல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. கரியும் வாயுவும் வெயிலும் தருகிற இந்த மண்ணின் லாரிக்காரர், லிட்டருக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து எங்கிருந்தோ வரும் டீசலை ஊற்றி ஓட்டுகிறார். "வாடகையில பாதிக்கு மேல அதுவே தின்னுருது" என்கிறான் தம்பி. டீசல் மேல் அவனுக்குப் பாசம் ஒன்றும் கிடையாது.

மாற்றம் வர வேண்டும் என்பதே என் கட்சி. பெரியப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் வேறு எப்படிச் சொல்வேன்? சூடும் அதிர்வும் இல்லாத கேபினில் தம்பி உட்கார வேண்டும். ஆனால் சுமை முழுவதையும் அவன் தலையில் ஏற்றக்கூடாது. ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகமில்லாத பாதை. மின் லாரிக்கு இதைவிடத் தோதான தடம் கிடைப்பது அரிது. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர் நாலுவழிச் சாலைக்கு 2025 ஜூலை முதல் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. சாலை போடும்போதே லாரி நிற்குமளவு இடம்விட்டு சார்ஜிங் நிலையமும், டிரைவர் படுக்க நிழலும், குளிக்கத் தண்ணீரும் அமைக்கட்டும். மீன் இறங்குதளங்களில் லோடு ஏறும் நேரத்திலேயே சார்ஜ் ஏறட்டும். ராமநாதபுரம், பரமக்குடி ஐ.டி.ஐ.களில் மின் வண்டி மெக்கானிக் படிப்பு நடக்கட்டும். பாம்பன் பாலத்து உப்புக்காற்று கம்பியையும் கனெக்டரையும் என்ன செய்யும் என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிவதுபோல் வெளியூர் ஆளுக்குத் தெரியாது. தடைக்காலத்தில் மீனவருக்கு நிவாரணம் தருகிற அரசு, மீன் வண்டிக்கு அந்த இரண்டு மாதத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளிடம் சொல்லட்டும்.

நடுரோட்டில் நின்றால் யார் வருவார் என்ற கேள்விக்குப் பட்டறையும் வங்கியும் அரசும் சேர்ந்து பதில் சொன்னால், எங்கள் லாரிக்காரர்கள் டீசலைக் கைவிட ஒரு நாள்கூடத் தயங்க மாட்டார்கள். பதில் சொல்லாமல் மாறு என்றால், மாற மாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.