மொட்டாக இருக்கும்போதே

அதிகாலை மூன்றரை மணிதான் எழுதுவதற்கு உகந்த நேரம் என்று எழுத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட பனமரத்துப்பட்டியில் அரளிக் காடு வைத்திருக்கவில்லை.

நான் மூன்றரைக்கு எழுந்து, பூனைபோல நடந்து, திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பேன். அதே மூன்றரைக்கு என் மனைவி நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள். இருட்டில் அவள் முகம் தெரியாது. வெளிச்சம் மட்டும் நேராக என் கண்ணில் விழும்.

“எந்திரிச்சுதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. வாங்க.”

எழுந்து உட்கார்ந்திருப்பவன் சும்மா இருப்பவன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அரளி பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் தண்ணீர் குறைவு. கொஞ்சம் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும் செடி இது. இலை முதல் வேர் வரை விஷம் என்பதால் ஆடும் கடிக்காது. ஆனால் பூவை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறி வாய் திறந்துவிட்டால் மாலை கட்டுகிறவர் முகம் சுளிப்பார், விலை விழுந்துவிடும். ஆகவே இருட்டோடு காட்டுக்குள் இறங்கி, பறித்து, சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியில் பையை ஏற்றிவிட வேண்டும். காம்பைக் கிள்ளும்போது வடியும் பால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நான் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவேன். அப்படியும் ‘அ’ எழுத்து வரும் பொத்தான் அமுங்கினால் மேலே வருவதில்லை. என் நாவலில் ‘அவள்’ வரும் இடமெல்லாம் ‘அஅஅஅவள்’ என்று கதாநாயகன் திக்கித்திக்கிக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

பூவை ஏற்றிவிட்டு, குளித்து, டவுன் பஸ் பிடித்து, சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதப் போகிறேன். அம்மாவைப் பொறுத்தவரை நான் எழுதுகிற எழுத்தில் அந்தக் கணக்கு ஒன்றுதான் உருப்படி.

“ஏஞ்சாமி, அந்த எழுத்துக்கு மாசமானா சம்பளம் குடுக்கறாங்க. இந்த எழுத்துக்கு?”

ராயல்டி பத்து சதவீதம் என்று சொன்னேன். மீதி தொண்ணூறு யாருக்கு என்று கேட்டார். அதற்கு இன்றுவரை அம்மாவுக்குத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை.

நாவல் எங்கள் ஏரியைப் பற்றியது. சேலம் நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 1911-இல் கட்டிய ஏரி, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. பிறகு சேலத்துக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. எங்கள் ஏரிக்குச் சீமைக்கருவேலம் வந்தது. தாத்தா பார்த்த தண்ணீர், அப்பா பார்த்த சேறு, நான் பார்த்த முள் என்று மூன்று பாகம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டும். அப்படியானால் பிழை திருத்தி, பக்கம் கட்டி, அச்சுக்குப் போக, எல்லாம் சேர்த்து ஆடிக்குள் முடித்துத் தர வேண்டும் என்றார் பதிப்பாளர். ஆடியில் நான் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தேன். ஆவணி என்றார். ஆவணியில் பதினொன்று. “கடைசியா ஆயுத பூஜை. அதுக்கு மேல கடவுளே கேட்டாலும் முடியாது” என்றார்.

இடையில் அட்டைப்படத்தை வாட்சப்பில் அனுப்பினார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீல நிறத் தண்ணீர், நடுவில் ஒரு பரிசல், மேலே கொக்குக் கூட்டம்.

“சார், நாவல்ல ஏரி வறண்டு கிடக்குதுங்க.”

“அப்படியா? அட்டை அடிச்சாச்சே. நீங்கதான் இன்னும் எழுதி முடிக்கலையே, கொஞ்சம் தண்ணி விட்டுடுங்க.”

பொதுப்பணித் துறையிடம் பேசுவது போலப் பேசினார். பல வருஷமாக வராத மழையைப் பதினேழாம் அத்தியாயத்தில் நான் கொண்டுவர வேண்டியதாயிற்று.

வீட்டில் இடம் இல்லாமல் அசோகமித்திரன் தி. நகர்ப் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார் என்று படித்திருக்கிறேன். நமக்குப் பூங்கா இல்லாவிட்டாலும் ஏரிக்கரை இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். முள்காட்டை உற்றுப் பார்ப்பேன், இரண்டு வரி தட்டுவேன். மறுபடி பார்ப்பேன். அரை மணி நேரத்தில் என்னைச் சுற்றி ஏழு பேர்.

“சர்வேயா தம்பி?”

“இல்லைங்க, கதை.”

“கதைதான், எல்லாரும் அதைத்தான் வந்து சொல்லிட்டுப் போறாங்க. எப்பத் தூர் வாருவாங்க?”

நான் பத்து நிமிஷம் விளக்கினேன். கேட்டு முடித்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய் ஆதார் ஜெராக்ஸை எடுத்துவந்து, முதியோர் பென்ஷனுக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அடுத்தவருக்குப் பட்டா மாறுதல். அன்று பொழுது சாய்வதற்குள் நான்கு மனு முடித்திருந்தேன். எல்லாம் குறித்த நேரத்தில், தெளிவான நடையில், திருத்தம் இல்லாமல். நாவலில் மட்டும் ஏன் இந்தக் கை வருவதில்லை என்று யோசித்தேன். எதிரில் ஒருவர் நின்றுகொண்டே காத்திருந்தால் வரும் போலிருக்கிறது.

பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கல்கியை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பத்திரிகையும் அவருடையதே. ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று அவர் யாரிடம் போன் செய்து சொல்லியிருக்க முடியும்?

ஒருநாள் பூப்பறிக்கும்போது மனைவியின் மனம் இளகட்டும் என்று தஸ்தயேவ்ஸ்கி கதையைச் சொன்னேன். 1866-இல் ஒரு பதிப்பாளரிடம் மாட்டிக்கொண்டார். நவம்பர் முதல் தேதிக்குள் நாவலைத் தராவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் இவர் எழுதுவதையெல்லாம் அந்த ஆள் காசே தராமல் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். கையில் ஒரு வரி கிடையாது, அக்டோபர் வந்துவிட்டது. அன்னா என்ற இருபது வயதுப் பெண் சுருக்கெழுத்துக்கு வந்தாள். இவர் சொல்லச் சொல்ல அவள் எழுதி, இருபத்தாறு நாளில் ‘சூதாடி’ முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கினார். அடுத்த வருஷம் அந்த அன்னாவையே கல்யாணம் செய்துகொண்டார்.

டார்ச் என் பக்கம் திரும்பியது.

“அந்தப் பொண்ணு சம்பளத்துக்குத்தானே வந்துச்சு?”

“ஆமா.”

“கல்யாணத்துக்கு அப்புறம்?”

“அப்புறமும் அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க. புத்தகம் போடுற வேலையைக்கூட அவங்களே பாத்துக்கிட்டாங்க.”

“சம்பளம்?”

நான் மொட்டுகளைக் கவனமாகப் பறிக்கத் தொடங்கினேன். இரண்டு செடி தள்ளிப் போனபிறகு இருட்டிலிருந்து குரல் வந்தது. “எப்படியோ, அந்தாளு தேதிக்குக் குடுத்துட்டாரில்ல.”

மகள் எட்டாவது படிக்கிறாள். பட்டறை பிரிண்டரில் நான் எடுத்துவந்த நாவல் பிரதியின் பின்பக்கம்தான் அவளுடைய கணக்கு ரஃப் நோட்டு. கதாநாயகன் சாகிற பக்கத்தின் முதுகில் x = 4 என்று கண்டுபிடித்திருந்தாள். அதோடு, அவன் அறுபதாம் பக்கத்திலேயே செத்துவிட்டதாகவும் நூற்றுப் பத்தில் மறுபடி டீ குடிப்பதாகவும் சொன்னாள். சம்பளம் வாங்காத பிழைதிருத்துநர்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அரளிக்கு விலை ஏறுகிற நாள்கள் அவை. பஸ், லாரி, தறி, கடை, எல்லாவற்றுக்கும் மாலை. ஊரே காட்டுக்குள்தான். எனக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. இருட்டோடு பறித்து, பகலெல்லாம் கட்டி அனுப்பிவிட்டு, ராத்திரி ஒரே மூச்சில் உட்கார்ந்து விடியற்காலை அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் சாமி படத்துக்கு முன்னால் மண்வெட்டி, அரிவாள், பைக் சாவி, மகளின் கணக்குப் புத்தகம். அதை அவளே முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் நடுவில் என் லேப்டாப். மூடி மேல் மூன்று சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் செவ்வரளி. பக்கத்தில் பொரி, கடலை.

“அம்மா, அது எனக்கு இப்ப வேணும்.”

“பூசையில வெச்சதை எடுப்பாங்களா? நாளைக்கு மறுபூசை ஆனதுக்கப்பறம்தான் தொடணும். சரஸ்வதி அது.”

வருஷம் முழுக்க ‘அந்தப் பொட்டி’ என்று பெயர் வாங்கியது, அன்றைக்குப் பார்த்துச் சரஸ்வதி ஆகிவிட்டது. மனைவியைப் பார்த்தேன். அவள் பொரியைப் பார்த்தாள்.

வாசலுக்கு வந்து பதிப்பாளருக்குப் போன் போட்டேன். மாமனார் உடல்நிலை, மின்வெட்டு, லேப்டாப் கோளாறு என்று மூன்று காரணத்தை ஆறு மாதமாகச் செலவழித்துத் தீர்த்திருந்தேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“அட, இங்கயும் மிஷினுக்குப் பொட்டு வெச்சுக் கட்டியாச்சுங்க. ஆளுங்க ஊருக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு நீங்க அனுப்பினாலும் யாரு பாக்கறது? திங்கக்கிழமை அனுப்புங்க.”

இத்தனை நாள் மிரட்டிய தேதி அது. போனை வைத்த கையோடு ஒரு போட்டோவும் அனுப்பினார். விபூதிப் பட்டை போட்ட அச்சு இயந்திரம், மேலிருந்து கீழ்வரை வெள்ளையும் சிவப்புமாக அரளி மாலை. எனக்குக் கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது. என் நாவலை அச்சிடப்போகிற மிஷின் கழுத்தில் எங்கள் ஊர்ப் பூ. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மாலையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

“நம்ம பூவு இல்லைங்க இது. எல்லாம் விரிஞ்சு போச்சு. லேட்டாப் பறிச்சிருக்காங்க” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.