முட்டியின் அடியும் பீப்பாவின் அடியும்: ஒரு தெளிவியல் விசாரணை

குடிபானத்தின் தெளிவு யாருக்குக் கிடைக்கிறது? 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்த பிறகும் இந்தக் கேள்வி அநாதையாகவே கிடந்தது. ஆகவே ஸ்கந்தபுரத்தில், பனையடியில் குந்தியிருந்து நாமே அதைப் பொறுப்பேற்க நேர்ந்தது.

முதலில் மேல்நாட்டு மரபு. அங்கே கிட் வாங்கி வீட்டில் பியர் போடுபவர்கள், தகரத்தில் வரும் மோல்ற் பாகைக் கரைத்து, மதுவம் தூவி, இரண்டு கிழமை நொதிக்கவிட்டு, 19 லீற்றர் உருக்குப் பீப்பாவில் அடைப்பார்கள். பிறகுதான் தெளிவுப் பித்துத் தொடங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே சில நாள் குளிரவைத்தால் மதுவம் அடியில் படியும். படிய மறுப்பதற்கு ஜெலற்றின், அல்லது மீனின் காற்றுப்பை. (மீனைக் கள்ளுக்குப் பக்கத்தில் வைத்துக் கடிக்கும் நமக்கு, அதைக் கள்ளுக்குள்ளேயே போடத் தோன்றாதது தனி ஆய்வுக்குரியது.)

இவ்வளவு செய்தும் முதல் கிளாஸ் கலங்கல்தான். பீப்பாவின் குழாய் அடிவரை இறங்குகிறது. காபனீரொட்சைட்டு மேலிருந்து அமுக்க, படிந்த மண்டியே முந்திக்கொண்டு ஏறும். சிலர் குழாய் நுனியை வெட்டிக் குறைக்கிறார்கள், சிலர் மிதக்கும் குழாய் பூட்டுகிறார்கள். எப்படியோ, அங்கே முந்தியவன் ஏமாளி.

நம் கள்ளு முட்டிக்கோ வாய் மேலே. முந்தியவரின் ஓலைப் பிளாவில் மெல்லியது, பிந்தியவருக்கு மண்டி. "அண்ணை, குலுக்காதேங்கோ, மேலால வாருங்கோ" என்பவர் எப்போதும் முதல் ஆள்; "ஒருக்காக் கலக்கிப்போட்டு ஊத்துங்கோ" என்பவர் கடைசி ஆள். இடம் மாற்றி இருத்தியபோது கொள்கையும் மாறியது.

மெல்லியது என்றோம்; தெளிந்தது என்று சொல்லவில்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே முட்டியில் மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். எழும் குமிழிகள் படியப் போனதையும் கிளப்பிவிடும். பியருக்கு வாய்க்கும் இரண்டு கிழமை கள்ளுக்கு இல்லை. காலையில் இறக்கியது மறுநாள் புளிக்கும், இன்னும் விட்டால் வினாகிரி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது, சுண்ணாம்பு படியப் பானமும் தெளியும். ஆனால் அது கருப்பணி: பனங்கட்டி காய்ச்சலாம், வெறிக்காது. இதை ஒரு தீர்வாக முன்வைத்த கணத்தில் ஆய்வாளரின் பிளா பறிக்கப்பட்டது.

மிஞ்சியது தேத்தாங்கொட்டை. பானையின் உட்புறத்தில் அதை உரைத்தால் கலங்கல் தண்ணீர் தெளியும் என்பது பழைய அறிவு. கள்ளிலும் பரீட்சித்துப் பார்ப்போம் என்றதும் சீவல்காரர் முகம் கறுத்தது. "தண்ணி தெளிய வைக்கிற சாமானைப் போட்டால், கள்ளுக்குள்ள தண்ணி இருக்கெண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரியல்லோ, தம்பி!" பரிசோதனை கைவிடப்பட்டது.

மண்டியை இழிவாக எண்ண வேண்டாம். அரிசிமாவில் விட்டுப் புளிக்கவைத்தால் அப்பம் பொங்கும். ஆகவே பிந்தி வருவோர் பிளாவை விட்டுப் போத்தலை நீட்டுக. எங்கே போய்வந்தீர்கள் என்று வீட்டில் கேட்டால், அப்பத்துக்குக் கள்ளு வாங்க என்று சொல்லிக்கொள்ளலாம்.