நன்னூல் நோக்கில் நம்மூர் இங்கிலீஷ்: ஒரு வழு ஆய்வு

தமிழர் பேசும் இங்கிலீஷில் தப்புக் கண்டுபிடிப்பது நெடுங்காலமாக நடந்துவரும் தொண்டு. இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளுக்கென்றே ‘இண்டியன் இங்கிலீஷ்’ என்று ஒரு முழுப் புத்தகத்தை 1907-இல் வெளியிட்டார் பம்பாய் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜார்ஜ் கிளிஃபர்ட் விட்வொர்த். அன்று முதல் சிவப்பு மைக்குப் பஞ்சமில்லை. ஆனால் திருத்த வந்தவர்கள் ஆங்கில இலக்கணத்தைப் புரட்டிய அளவுக்கு நன்னூலைப் புரட்டியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

பேச்சில் நேரும் வழுக்கள் ஏழு என்பது நன்னூலை இயற்றிய 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவரின் கணக்கு: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு.

எளிதில் பிடிபடுவது கால வழு. ‘டுடே மார்னிங் வந்தேன்’ என்பவரை ‘திஸ் மார்னிங்’ என்று திருத்துவார்கள். ‘எஸ்டர்டே மார்னிங்’ சரி, ‘டுமாரோ மார்னிங்’ சரி, இன்றைக்கு மட்டும் ஆகாது. சரி, நேற்றைக்காவது நிலையாக இருக்கிறதா என்றால், இருட்டியதும் அதுவும் மாறி ‘லாஸ்ட் நைட்’ ஆகிவிடுகிறது. நேற்று காலை, இன்று காலை, நாளை காலை என்று ஒரே சீராக அடுக்கிப் பழகியவர் செய்த குற்றம், ஆங்கிலமும் சீராக இருக்கும் என்று நம்பியதுதான்.

வினா வழுவிலும் இதே கதை. ‘யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?’ என்றால் தப்பு, ‘ஆரின்ட் யூ?’ என்று கேட்க வேண்டும். அவள் என்றால் ‘இஸின்ட் ஷி’, அவர்கள் என்றால் ‘ஆரின்ட் தே’. தமிழில் எல்லாருக்கும் ஒரே ‘இல்லையா’தான். பிரெஞ்சுக்காரர்களும் ஒரே ‘நெஸ்பா’வை வைத்துக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறார்கள். லண்டன் தெருக்களில் இளவட்டங்கள் ஆண், பெண், ஒருமை, பன்மை எதையும் பாராமல் ‘இனிட்’ என்கிறார்கள். நம்மவர் செய்தால் அது வழு. அங்கே அது ஸ்டைல்.

விடை வழுதான் ஆபத்தானது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்கு முன் நர்ஸ், ‘யூ ஹேவின்ட் ஈட்டன் எனிதிங்?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத தமிழர் ‘எஸ்’ என்கிறார். ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பது அவர் கணக்கு. நர்ஸ் காதில் ‘சாப்பிட்டேன்’ என்றும் விழக்கூடும். தமிழர் கேட்டவரின் வாக்கியத்தை ஆமோதிக்கிறார். ஆங்கிலமோ நடந்ததா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிறது. ஜப்பானியரும் நம் கட்சிதான் என்பது ஆறுதல். ஆனால் பட்டினிக்கு அது உதவாது.

இட வழுவுக்குச் சான்று ‘ஐ வில் கோ அண்ட் கம்’. ‘கோ’ போதும், ‘கம்’ எதற்கு என்று கேட்பவர், எந்தத் தமிழ் வீட்டு வாசலிலும் ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிப் பார்த்ததில்லை போலும். உள்ளேயிருந்து பாட்டி, ‘போயிட்டு வரேன்னு சொல்லுடா’ என்று குரல் கொடுக்காமல் விடமாட்டாள். வருதல் தன்மை, முன்னிலைக்கு. செல்லுதல் படர்க்கைக்கு என்று நன்னூலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

திணை, பால் வழுக்களில் மட்டும் குற்றவாளி இடம் மாறுகிறார். இரும்புக் கப்பலைத் தலைமுறை தலைமுறையாக ‘ஷி’ என்று அழைத்துவந்தது ஆங்கிலம். கப்பல் துறையின் பழம்பெரும் பத்திரிகையான ‘லாய்ட்ஸ் லிஸ்ட்’ அதை ‘இட்’ ஆக்கியது 2002-இல்தான். நன்னூல் இதற்குக் கோபப்படாது. அன்பு மிகுதியால் பசுவை அம்மா என்பவரையே வழுவமைதி என்று அது மன்னித்துவிடுகிறது.

மரபு வழுதான் பெருங்கடல். ‘டாக் அபவுட்’ சரி, ‘ஸ்பீக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் தப்பு என்பதில் தர்க்கம் தேடுவது வீண். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பதில் வரும் ஸ்டேஷன், ரயில் நிற்கும் இடமன்று. வெள்ளைக்கார அதிகாரிகள் பணியிலிருந்த ஊர். அவர்கள் 1947-இல் மூட்டை கட்டியபோது அந்தச் சொல்லை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

சொந்தபந்தத்தில் திருத்தம் விபரீதமாகிறது. ‘கசின் பிரதர்’ என்பதில் ‘பிரதர்’ வெட்டி என்பார்கள். ஆனால் சித்தப்பா மகன் அண்ணன் தம்பி, அத்தை மகன் முறைமாப்பிள்ளை. வெறும் ‘கசின்’ என்று ஒரு பெண் அறிமுகம் செய்தால், எதிரில் நிற்கும் மாமியின் கண்கள் கேட்கும் கேள்விக்கு அந்த ‘பிரதர்’தான் பதில். ‘கோ-பிரதர்’ இன்னும் சிக்கல். அதை அடித்து ‘பிரதர்-இன்-லா’ என்று எழுதினால் சகலை எங்கே நிற்கிறார், மச்சான் எங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

காலம் சில வழுக்களைத் தானே அமைதியாக்கிவிடுகிறது. ‘ப்ரிபோன்’ நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று கேலி செய்வார்கள்; 1913-இலேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்கு எழுதப்பட்ட கடிதமொன்று அதே சொல்லை முன்மொழிந்தது. லத்தீன் பிழைகளைத் திருத்த யாரோ தொகுத்த ‘ப்ரோபஸ் பின்னிணைப்பு’ என்ற பழம்பட்டியலில் 227 திருத்தங்கள். காதுக்கு ‘ஆரிஸ்’ சரி, ‘ஒரிக்லா’ தப்பு என்கிறது அது. இன்றைய பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியக் காதுகள் எல்லாம் அந்தத் தப்பு ஒரிக்லாவின் வாரிசுகள்தான்.

எனவே ஆய்வின் பரிந்துரைகள் வருமாறு. விடை வழுவை ஆஸ்பத்திரி வாசலிலேயே திருத்திவிட வேண்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’டைப் பரீட்சைத் தாளில் மட்டும் திருத்தினால் போதும். ‘கோ அண்ட் கம்’ பாட்டியின் அதிகார வரம்புக்குட்பட்டது. சகலைக்கு ஆங்கிலம் ஒரு தனிச்சொல் கண்டுபிடிக்கும்வரை ‘கோ-பிரதர்’ மீது யாரும் சிவப்பு மை வைக்கலாகாது. அது முடிந்த பின் ஓரகத்தி வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.