எக்கிய வயிறு: ஓர் ஆய்வு

புகைப்படக் கருவி தம்மை நோக்கித் திரும்பும் நொடியில், நாற்பது வயதைக் கடந்த ஆடவர் தம் வயிற்றை உட்புறமாக இழுத்து அசையாமல் நிறுத்திக்கொள்ளும் செயல் ‘எக்குதல்’ எனப்படும். குதிகாலை உயர்த்திப் பரண்மேல் இருக்கும் சம்படத்தைத் தொட முயல்வதற்கும் தமிழில் இதே சொல் வழங்குவதால், இரண்டுமே எட்டாத ஒன்றுக்கான முயற்சி என்று கொள்வதில் இலக்கணத் தடை ஏதுமில்லை.

இவ்வினையின் தலைமைத் தசை, வயிற்றுச் சுவரின் தட்டைத் தசைகளுள் ஆக உள்ளடுக்காக அமைந்து, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டைப் போலக் குறுக்கே ஓடும் இழைகளைக் கொண்ட குறுக்கு வயிற்றுத் தசையாகும். ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்டின் என்னும் மெல்லிய புரத நூல்களும் மயோசின் என்னும் தடித்த நூல்களும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே நீளமுள்ள ஓர் அடுக்கு சார்கோமியர் எனப்படும். தசை சுருங்குகையில் இந்நூல்கள் குறுகுவதில்லை, கோத்த விரல்களை நெருக்குவது போல ஒன்றினிடையே ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்று, 1954-இல் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் ஒரு கட்டுரையிலும், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் மற்றொன்றிலும் எழுதினர் (ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினர் அல்லர்). ஆக, எக்கிய வயிற்றில் எந்த நூலும் குறுகவில்லை; மனைவிமார் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் ஏறத்தாழ இதுவே.

எலும்புத் தசை வகையைச் சேர்ந்த இச்சுவர் உடையவரின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. இரைப்பையின் சுவரோ யார் சொல்லையும் கேளாத வரியற்ற தசையால் ஆனதாகலின், பந்தியில் இரண்டாம் முறை வாங்கிய பாயசம் வந்து சேர்ந்ததும் தாராளமாகத் தளர்ந்து இடம் கொடுத்துவிடுகிறது. மணமேடையில் நிற்கும் சித்தப்பாவின் உடலில் இவ்விரு தசைகளும் எதிரெதிர்க் கட்சிகளாகி நிற்க, சுருங்கும் இழை ஏதுமற்ற கொழுப்பு பெல்ட்டுக்கு மேலே பிதுங்கி நடுநிலை வகிக்கிறது.

மூச்சை இழுக்க உதரவிதானம், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டு, கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வயிறு முன்னே வரும். எனவே எக்கியவர் மூச்சை அடக்கிக்கொண்டே சிரிக்க வேண்டியவராகிறார். “சார், அந்தப் பாட்டியும் வந்துரட்டும்” என்னும் குரல் எழுந்து, பாட்டி படியேறி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் சித்தப்பாவின் தசை தளர்ந்துவிடுகிறது. ஒளி மின்னுவது அதற்குப் பிறகுதான்.

ஆதலால், புகைப்படக் கலைஞர்கள் பாட்டியை முதலில் மேடையேற்றிவிட்டு, அதன்பின் ‘ரெடி’ சொல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.