கார்ட் மாஸ்டர்

செட்டிகுளத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவரை ஊர் இப்போது கணக்கு மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. கார்ட் மாஸ்டர் என்றால்தான் தெரியும். வங்கி அட்டையைக் காப்பதையே முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்ட இனம் இது. வவுனியாவிலும் மன்னாரிலும் கிளைகள் உண்டு.

மாஸ்டரின் அட்டை ஈயத்தாளுக்குள், ஈயத்தாள் பொலித்தீனுக்குள், பொலித்தீன் பேர்சுக்குள். பேர்ஸ் இருப்பதோ, மனைவி பனியனில் தைத்துக் கொடுத்த உள்பொக்கற்றுக்குள். ஏ.ரி.எம். வாசலில் அவர் இதையெல்லாம் உரித்து முடிப்பதற்குள் வரிசையில் பாதிப்பேர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"ஈயத்தாள் எதுக்கு மாஸ்டர்?"

"பக்கத்தில வந்து நிண்டே இழுத்துப்போடுவாங்கள், தம்பி!"

விஞ்ஞானம் சரிதான். தட்டினாலே காசு கட்டும் அட்டைகளில் உள்ள சில்லை ஈயத்தாள் ஊமையாக்கும். ஆனால் அந்தச் சில்லின் பேச்சு சில சென்ரிமீற்றருக்கு அப்பால் கேட்காது. அதைவிட, மாஸ்டரின் அட்டை அந்த வகையே இல்லை. வங்கிப் பிள்ளை இதைப் பலதரம் சொல்லிவிட்டாள். வங்கிக்காரர் அப்படித்தான் சொல்வார்கள் என்பது மாஸ்டரின் கட்சி.

அவருடைய பயத்துக்கு ஆதாரம் லண்டன். 2006 மே மாதம் பிரித்தானியாவில் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் களவு போய், ஷெல் நிறுவனம் தன் 600 பெற்றோல் செட்டுகளில் அட்டைக்குப் பின் நம்பர் அடிக்கும் முறையையே நிறுத்திவைத்தது. அப்போது மருமகன் அங்கே வேறொரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. அவர் தொலைபேசியில் சொன்ன கதை, இன்றைக்கும் செட்டிகுளம் சந்தியில் நேற்று நடந்ததுபோல் சொல்லப்படுகிறது.

சிரிக்கலாம்தான். ஆனால் இந்தப் பக்கத்து ஆளுக்கு அட்டை என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015இல் எடுபடும்வரை, ஐசி என்ற அடையாள அட்டை இல்லாதவன் தான் தான்தான் என்று சத்தியம் பண்ணினாலும் எடுபடாது. 2009இல் யுத்தத்துக்குத் தப்பி இதே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு வந்துசேர்ந்தவர்களில் பலர், மற்றதெல்லாம் போனாலும் பத்திரங்கள் இருந்த பொலித்தீன் பையை விடவில்லை. அட்டையைக் காப்பாற்றினால் ஆளைக் காப்பாற்றினதாக அர்த்தம் என்று படித்த தலைமுறை. மாஸ்டரும் அந்த வகுப்புத்தான்.

கோளாறு எங்கே என்றால், இப்போதைய கள்ளனுக்கு அட்டையே தேவையில்லை.

ஏ.ரி.எம். பெட்டிக்கு முன்னால் மாஸ்டர் குடையை விரித்துப் பிடிப்பார். விசைகளை ஒரு குருவியும் பார்க்க முடியாது. ஆனால் கரும்பலகையில் எழுதும்போது வாயால் சொல்லிச் சொல்லி எழுதிய பழக்கம் போகுமா? "ஒண்டு... ஒம்பது... அஞ்சு... நாலு..." குடைக்குள்ளிருந்து கணீரென்று வரும்.

"மாஸ்டர், அஞ்சைக் கொஞ்சம் பலமா அமத்துங்கோ, போனமுறை விழேல்லை!" இது வரிசையிலிருந்து.

பின் நம்பருக்கு நாலு இலக்கம் என்பதே ஒரு வீட்டுத் தீர்ப்பு. 1967 ஜூனில் லண்டன் என்ஃபீல்டில் திறந்த பார்க்லேஸ் வங்கியின் காசு இயந்திரத்தை உருவாக்கியவர் ஜோன் ஷெப்பர்ட்-பரன். பிறந்தது நம்ம அயலில், இந்தியாவின் ஷில்லாங்கில். தன் இராணுவ இலக்கத்தைப்போல ஆறு வைக்கத்தான் நினைத்தாராம். நாலுக்கு மேல் தனக்கு ஞாபகம் நிற்காது என்று மனைவி சொல்ல, உலகின் பல இடங்களில் நாலாயிற்று. பத்தாயிரம் விதமாய் வைக்கலாம். அதில் மாஸ்டர் தேடிப்பிடித்தது தான் பிறந்த வருடத்தை.

அந்த வருடமோ ஐசியிலேயே கிடக்கிறது. ஐசிக் கொப்பி விஷயத்தில் மாஸ்டர் கர்ணன். சிம்முக்கு ஒன்று, உர மானியத்துக்கு ஒன்று, லோனுக்குப் பிணை நிற்க இரண்டு, மரணச் சங்கத்துக்கு ஒன்று. கொமியூனிகேஷன் கடையில் ஐந்து தேவையென்றால் பத்து அடிப்பார். மிச்சத்தை மேசையிலேயே விட்டுவருவார்: "கிடக்கட்டும், பிறகு உதவும்."

ஒருநாள் அழைப்பு வந்தது. கார்ட் பூட்டுப்பட்டுவிட்டதாம், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்ல வேண்டுமாம். மாஸ்டரா ஏமாறுவார்? "முதல்ல உம்மட ஐசி நம்பரைச் சொல்லும்!" அவன் தடுமாறினான். மாஸ்டருக்குள் வாத்தியார் விழித்துவிட்டார். "இப்பிடியே வாசிக்கிறது? நான் என்ரயை வாசிக்கிறன், கேட்டு அப்பிடிச் சொல்லும்." வாசித்தார். தகப்பன் பெயர், கிராம சேவகர் பிரிவு எல்லாவற்றுக்கும் முன்மாதிரி காட்டினார். கடைசியில் அவனே வைத்துவிட்டான். "பயந்திட்டான்," என்றார் மாஸ்டர். மற்றப் பக்கத்தில் அவன் எழுதி முடித்திருப்பான் என்பது என் ஊகம்.

போன ஆவணி மடுத் திருவிழாவில் கடலை வாங்கினோம். சுருளை விரித்தால், யாரோ ஒருவரின் ஐசிக் கொப்பி. எண்ணெய் பட்டதுபோக மிச்சம் 71784. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார்.

"எழுபத்தொண்டு, பிறந்த வருஷம். எழுநூற்றெண்பத்து நாலு... ஐந்நூறைக் கழி. ஐந்நூறு கூடினால் பொம்பிளை. இருநூற்றெண்பத்து நாலாம் நாள், ஒக்டோபர் பத்து. பின் நம்பரும் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொண்டாத்தான் இருக்கும். சனத்துக்கு மூளை இல்லை, தம்பி!"

நான் ஒன்றும் பேசவில்லை. மென்றுகொண்டிருந்த மாஸ்டரின் வாய் மெல்ல நின்றது. விரல்விட்டு எதையோ எண்ணினார். சிம், உரம், லோன், மரணச் சங்கம்.

பிறகு கடலைக்காரியிடம் போய், "பிள்ளை, மிச்சச் சுருள் எல்லாத்தையும் தா," என்றார்.